சக்கரம் காக்கும் ஆணி: கடையாணி முதல் பூட்டு நட்டு வரை

வண்டிச் சக்கரம் ஓடும்போது கழன்று விழாமல் பிடித்து நிறுத்தும் சிறு உறுப்பு, மாட்டுவண்டியில் கடையாணி என்றும் மோட்டார் வண்டியில் சக்கர நட்டு அல்லது வீல் நட்டு என்றும் பெயர் பெறும். இதற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஓடும்போது தானாகக் கழலக் கூடாது. வேண்டும்போது எளிதில் கழற்ற வர வேண்டும். திருட்டைத் தடுக்க வந்த பூட்டு நட்டு முதல் வேலையை நன்றாகவே செய்கிறது. இரண்டாவது வேலையில் அது சில சமயம் வண்டியின் உரிமையாளரையே திணற வைக்கிறது. மாட்டுவண்டி, பேருந்து, கார் ஆகிய மூன்றின் காலத்தையும் கண்ட தென்காசி, குற்றாலம் வட்டாரத்தைக் கொண்டு இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளலாம்.

கடையாணிக் காலம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொல்லம் செல்லும் வழி, பாண்டிநாட்டுப் பகுதியையும் திருவிதாங்கூரையும் இணைத்த பழைய வணிக வழியாகும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுடன் (அன்றைய சென்னை மாநிலத்துடன்) இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1904-இல் இம்மலையில் ரயில் பாதை திறக்கப்படும்வரை சரக்குகள் மாட்டுவண்டிகளையும் பொதிமாடுகளையும் நம்பியிருந்தன.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் குடமும், அதைச் சுற்றி ஆரக்கால்களும், வெளியே வட்டையும் இரும்புப் பட்டையும் இருக்கும். குடத்துக்கு வெளியே நீளும் அச்சின் முனையில் ஒரு துளை இருக்கும். அதில் செருகப்படும் இரும்பு முளையே கடையாணி. வண்டி மை போட வேண்டியபோது வண்டிக்காரர் அதைக் கையால் அல்லது சிறு சுத்தியலால் தட்டி எடுத்துவிடுவார். கழற்றுவது எளிது என்பதால் தவறி விழவும் வாய்ப்பு உண்டு. ஆகவே புறப்படும் முன் கடையாணியைப் பார்ப்பது வண்டிக்காரரின் முதல் கடமை.

பெரிய தேருக்கும் சிறிய அச்சாணியே ஆதாரம் என்ற உவமையைத் திருக்குறளின் வினைத்திட்பம் அதிகாரம் எடுத்தாள்கிறது. உப்பு வணிகரான உமணர், வழியில் அச்சு முறிந்தால் பயன்படுத்த வண்டியின் கீழ் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றால் அறிகிறோம். வழியில் உதவ மாற்று உறுப்பை உடன் கொண்டு செல்லும் வழக்கம் அவ்வளவு பழையது.

ஸ்டெப்னி என்ற சொல்

மாற்றுச் சக்கரத்தை இன்று தமிழ்நாட்டில் எல்லோரும் ஸ்டெப்னி என்கிறோம். இது வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஒரு தெருப் பெயர். அந்நகரின் டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் உருவாக்கிய மாற்றுச் சக்கரம் அத்தெருவின் பெயரால் விற்கப்பட்டது. அன்றைய கார்களின் சக்கரத்தைச் சாலையோரத்தில் எளிதில் கழற்ற முடியாது; டயர் பஞ்சரானால் வழியிலேயே ஒட்ட வேண்டும். டேவிஸ் சகோதரர்கள் காற்றடைத்த டயருடன் கூடிய ஒரு வளையத்தைப் பழுதான சக்கரத்தின் மேலேயே பிணைக்க வழி செய்தார்கள். பின்னர், கழற்றி மாட்டக்கூடிய சக்கரமும் அதைப் பிடிக்கும் நட்டுகளும் பரவியபோது அந்த வளையம் மறைந்தது. பெயர் மட்டும் நம் ஊரில் நிலைத்தது.

பேருந்துக் காலம்

தென்னாட்டில் மோட்டார் தொழிலை வளர்த்தவர்களில் ஒருவரான டி.வி. சுந்தரம் ஐயங்கார் (1877–1955) திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அவர் தொடங்கிய குழுமத்தின் சுந்தரம் பாஸனர்ஸ் நிறுவனம் 1960-களில் சென்னை பாடியில் போல்ட், நட்டு வகைகளைச் செய்யத் தொடங்கியது. திருநெல்வேலி வட்டாரத்தில் 1974-இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது.

பழைய லாரி, பேருந்துகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை நட்டு இருக்கும். சக்கரம் சுழலும் விசையால் நட்டு தளராதிருக்க இந்த ஏற்பாடு. இதை அறியாதவர் வழக்கமான திசையில் திருகினால், கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடுவார்.

பூட்டு நட்டு

அலுமினியக் கலவைச் சக்கரங்கள் (அலாய் வீல்) விலை உயர்ந்தவை. சாதாரண ஸ்பேனர் இருந்தால் திருடிவிடலாம். ஆகவே ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டின் தலையை மட்டும் தனி வடிவில் செய்தனர். அதற்குப் பொருந்தும் சாவி வண்டியுடன் தரப்படும். சாவியின் குறியீட்டு எண்ணைக் கொண்டு மாற்றுச் சாவி பெறலாம்.

இந்த நட்டு இறுகிப்போகப் பல காரணங்கள் உண்டு. சாரலிலும் மழையிலும் நனையும் வண்டியில் இரும்புமரை துருப்பிடிக்கும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிப்பு கூடும். எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், காற்றுத் துப்பாக்கியால் அளவின்றி முடுக்குவது. பெரும்பாலான சிறு கார்களுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் சுமார் 10 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்கு அது சமம். இதை மீறினால் நட்டு இறுகும். சாவியின் பற்களும் தேயும்.

கழற்றும் முறை

முதலில் சாவியை ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் கருவிப் பையிலும் தேட வேண்டும். கைப்பிரேக் போட்டு, ஜாக்கி ஏற்றும் முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்துவது முறை. மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சாவியை மெல்லத் தட்டி முழுதாகப் பொருத்தி, நீண்ட கைப்பிடியால் சீராக அழுத்த வேண்டும். கைப்பிடி சாய்ந்தால் சாவி உடையும்.

சாவி தொலைந்திருந்தால், உள்ளே எதிர்ச்சுருள் பற்கள் கொண்ட கழற்றும் சாக்கெட்டை நட்டின் மேல் அடித்து ஏற்றித் திருகுவார்கள். சில பூட்டு நட்டுகளில் வெளிவளையம் தனியே சுழலும். அதை முதலில் அகற்றினால்தான் உள்ளே பிடி கிடைக்கும். துளையிடுவது கடைசி வழி. அதைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். டயர் மாட்டியிருக்கும்போது நட்டை நெருப்பில் சூடாக்குவதும் பற்றவைப்பதும் கூடாது. உள்ளே வெப்பமும் அழுத்தமும் கூடி டயர் வெடித்து உயிர்ப்பலி நேரலாம்.

மீண்டும் மாட்டும்போது நட்டைக் கையால் மரையேற்றி, எதிரெதிராக முறைவைத்து, அளவுக் கருவியால் முடுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

சீசனில் குற்றாலத்துக்கும், மலையேறி ஆரியங்காவுக்கும் செல்லும் கார்களில் ஸ்டெப்னி இருக்கும், ஜாக்கி இருக்கும். பூட்டுச் சாவி இல்லையென்றால் இரண்டும் உதவா. புறப்படும் முன் கடையாணியைப் பார்த்த வண்டிக்காரரின் வழக்கம் காரோட்டிக்கும் பொருந்தும்.