ஹெர்பீஸ் பயமா? மாத்திரையை எப்போ ஆரம்பிக்கணும்?

உறவுக்குப் பிறகுதான் பார்ட்னருக்கு ஹெர்பீஸ் இருக்குன்னு தெரிய வருது. 'உடனே ஒரு மாத்திரை போட்டா தப்பிச்சுடலாமா?'ன்னு நடுராத்திரியில மொபைல்ல தேடிட்டு இருக்கீங்களா? நிதானமா இதைப் படிங்க.

கொப்புளம் வருவதற்கு முன்பே மாத்திரை போடலாமா?

ஹெச்.ஐ.வி தொற்று சந்தேகம் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள்கள் சாப்பிடும் தடுப்பு மாத்திரைகள் உண்டு. ஹெர்பீஸுக்கு அப்படி நிரூபிக்கப்பட்ட தடுப்பு மருந்து இல்லை. ஆனா, பாதுகாப்பில்லாத உறவுன்னா ஹெச்.ஐ.வி ரிஸ்க்கும் இருக்கலாம். அதுக்காகவே அன்னிக்கே அரசு மருத்துவமனைக்குப் போயிடுங்க.

எதைக் கவனிக்கணும்?

அறிகுறிகள் பொதுவாக 2 முதல் 12 நாள்களுக்குள் தெரியும். குறுகுறுப்பு, எரிச்சல், சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், சிறுநீர் போகும்போது வலி, காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுவது... இதில் எது வந்தாலும் அன்றைக்கே தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரைப் பாருங்கள். ஏசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மருந்துகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். அதனால்தான் சீக்கிரம் ஆரம்பிக்கணும். முதல் முறை வந்தால் வழக்கமாக 7 முதல் 10 நாள்கள் சாப்பிட வேண்டியிருக்கும். புண் சீக்கிரம் ஆறும், வலி குறையும். ஆனால், நரம்பில் போய் ஒளிந்துகொள்ளும் வைரஸை எந்த மாத்திரையும் முழுசா விரட்டாது.

டெஸ்ட் எப்போ?

கொப்புளம் புதுசா இருக்கும்போதே அதிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து பி.சி.ஆர் செய்வதுதான் நல்லது. மறுநாளே ரத்தப் பரிசோதனை செய்து 'நெகட்டிவ்'னு நிம்மதி ஆகிடாதீங்க. ஆன்டிபாடி தெரிய 12 வாரங்கள்கூட ஆகலாம்.

இதைச் செய்யாதீங்க!

'அக்கி'ன்னு நினைச்சு காவி பூசி நாளைக் கடத்தாதீங்க. அக்கிக்குக் காரணம் வேறொரு வைரஸ். மெடிக்கல் ஷாப்புல கேட்டு ஸ்டீராய்டு க்ரீம் தடவாதீங்க. கிட்னி பிரச்னை இருந்தா மாத்திரை அளவே மாறும் என்பதால், டாக்டர் சீட்டு இல்லாம எதுவும் வேண்டாம்.

யார் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது?

கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கண்ணில் வலி, சிவப்பு இருப்பவர்கள். அதிலும் பிரசவம் நெருங்கும்போது முதல்முறையாகத் தொற்றினால், குழந்தைக்கு உயிராபத்துகூட வரலாம்.

பார்ட்னருக்கு ஹெர்பீஸ் உறுதியானால், அவர் தினமும் மாத்திரை எடுத்தாலும், காண்டம் பயன்படுத்தினாலும் தொற்றும் வாய்ப்பு குறையும், முழுசா நீங்காது. கொப்புளம் இருக்கும் நாள்களில் உறவு வேண்டவே வேண்டாம்.

யார்கிட்ட கேட்கறதுன்னு தயக்கமா? 1097 இலவச எண்ணுக்கு போன் பண்ணுங்க. வெட்கப்பட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்டா, மாத்திரை நல்லா வேலை செய்யற நாள்களும் போயிடும்.