நாளும் நரம்பும்

விண்மீனுக்கும் இசைக்கும் என்ன உறவு என்று வகுப்பில் மாணவியர் வினவுவதுண்டு. விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருப்பூரிலிருந்து ஈரோடு செல்லும் வழியில் விசயமங்கலம் வரை சென்றால் போதும். அப்பகுதி பழைய குறும்பு நாடு. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லாரின் நிரம்பை அந்நாட்டு ஊரே என்பது கொங்கு நாட்டார் போற்றிவரும் மரபு. பொப்பண்ண காங்கேயனின் ஆதரவில் அவ்வுரை எழுந்தது.

அடியார்க்கு நல்லாரை நாம் கணியராகவோ பாணராகவோ அறியோம், உரையாசிரியராகவே அறிவோம். எனினும், வானையும் இசையையும் கண்டவிடத்து அவர் உரை கரை மீறிப் பெருகுகிறது. கோவலனும் கண்ணகியும் புகாரை நீங்கிய வைகறையை இளங்கோவடிகள் சில சொற்களில் சொல்லிச் செல்கிறார். உரையாசிரியரோ அது வைகாசி 29, செவ்வாய்க்கிழமை, கேட்டை நாள், பதினான்காம் பக்கம் என்று கணித்துக் காட்டுகிறார்.

இக்கணக்கு பின்னாளில் மற்றோர் ஆர்வலரை ஈர்த்தது. அரசுப் பணியிலிருந்தவாறே பஞ்சாங்கக் கணிதத்தில் தோய்ந்த எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925), இதனையும் மதுரை எரியுண்ட நாள் பற்றிய காப்பியக் குறிப்பையும் கொண்டு கி.பி. 756 என ஆண்டு வகுத்தார். உரையாசிரியரின் கணிப்பைக் காப்பியச் சான்றாகக் கொள்ளலாகாது என அறிஞர் அதனை மறுத்தனர். ஆர்வம் வழிதவறிய இடம் அது.

ஆயின் அதே ஆர்வம் காத்துத் தந்தவையும் உள. இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு முதலிய நூல்களைத் தாம் துணைக்கொண்டதை அடியார்க்கு நல்லார் பெயர் சுட்டி உரைக்கிறார். அவற்றுள் பஞ்சமரபு நெடுங்காலம் பெயரளவிலேயே நின்றது. கொங்கு நாட்டில் ஏடு தேடித் திரிந்த வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் 1973இல் அது அச்சேறியது.

நாளும் நரம்பும் சந்திக்கும் இடம் வட்டப்பாலை. வான்வட்டத்தின் பன்னிரண்டு இராசிகளையே சுரத்தானங்களாகக் கொண்டு, துலாத்தில் குரல், தனுசில் துத்தம், கும்பத்தில் கைக்கிளை, மீனத்தில் உழை, இடபத்தில் இளி, கடகத்தில் விளரி, சிம்மத்தில் தாரம் என நிறுத்துவது பழைய மரபு. துலாத்தைச் சட்சமாகக் கொண்டு எண்ணினால் எட்டாமிடம் இடபம். அங்கே பஞ்சமம் ஒலிக்கும். ஏழினையும் வரிசையாகப் பாடினால் இன்றைய அரிகாம்போதி எழும். வட்டம் ஒன்று வரைந்து, அன்பர்கள் தாமே பாடிப் பார்க்கலாம்.

இவ்வட்டத்தை நம் காலத்துக்கு விளக்கியோரும் இசையைப் பிழைப்பாகக் கொண்டவரல்லர். தஞ்சையில் சித்த மருத்துவம் செய்த ஆபிரகாம் பண்டிதர், அதில் ஈட்டிய பொருளைச் செலவிட்டு 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். ஈழத்துக் காரைதீவில் பிறந்து அறிவியல் பயின்று துறவியான விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் அரங்கேறியது.

பகலெல்லாம் பனியன் கம்பெனியிலும் கடையிலும் உழைத்து, மாலையில் கவிதைச் சுவடியுடன் கூடும் நம் வட்டத்தார் இவ்வரிசையைத் தம் முன்னோர் வரிசையாகவே கொள்ளலாம். யாழிசை ததும்பும் கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை இன்றுவரை கிட்டவில்லை. பஞ்சமரபைத் தந்த இதே கொங்குச் சீமையில், பழைய வீட்டுப் பரண் எதனையேனும் இடிக்க நேர்ந்தால், அன்பர்களே, ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு இடியுங்கள்.