களிம்பும் கிருமியும்



எங்கள் தோட்டத்துப் பள்ளியில், ஆசிரியர் அறை அலமாரியில், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு களிம்பு டியூப் கிடந்தது. யாருக்கோ எப்போதோ மருத்துவர் எழுதிக் கொடுத்ததில் மிச்சம். பிள்ளைகள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் அதைத்தான் தடவுவேன். சிரங்குக்கும் அதுதான், படைக்கும் அதுதான். நல்லது செய்வதாகவே எண்ணியிருந்தேன். அப்படியல்ல என்று பின்னால் தெரிந்தது. அதன் பின்னே இருக்கும் வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1928-ஆம் ஆண்டு, லண்டன் செயிண்ட் மேரிஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார் என்பது நேயர்கள் பலருக்கும் தெரிந்ததே. 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது அவர் ஆற்றிய உரையை அவ்வளவாக யாரும் நினைவில் வைப்பதில்லை. இம்மருந்தைக் கடையில் எவரும் வாங்கும் காலம் வரக்கூடும். அப்போது விவரமறியாத ஒருவர் போதாத அளவில் அதை உட்கொண்டு, கிருமியைக் கொல்லாமல், மருந்தைத் தாங்கப் பழக்கிவிடுவார் என்று அவர் எச்சரித்தார். பரிசு வாங்கிய மேடையிலேயே தம் மருந்தின் குறையைச் சொன்ன மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எச்சரிக்கை பலிக்க நெடுநாள் ஆகவில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் என்னும் பெண் மருத்துவர், நோயாளிகளின் சீழிலிருந்து எடுத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளை ஆண்டுதோறும் சோதித்து வந்தார். பெனிசிலினுக்கு அடங்காதவை 1946-இல் நூற்றுக்கு 14 அளவில் இருந்தன, 1947-இல் 38, 1948-இல் 59. அதே காலத்தில் பெனிசிலினைக் களிம்பாகவும் தோலில் பூசினார்கள். பூசிய இடம் சிவந்து தடித்து அரிக்கத் தொடங்கியது. இப்படி ஒவ்வாமை கண்டவருக்குப் பின்னாளில் அதே மருந்தை ஊசியாகப் போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே தோல் மருத்துவர்கள் அந்தக் களிம்பைக் கைவிட்டனர். 1949-இல் வாக்ஸ்மனும் லெஷவாலியரும் கண்ட நியோமைசினும் களிம்பாக வந்து, பலருக்கு அதே அரிப்பைக் கொடுத்தது.

இனி நியூசிலாந்துக்கு வருவோம்.

1985-இல் பிரிட்டனில் மியூபிரோசின் என்னும் களிம்பு விற்பனைக்கு வந்தது. சூடோமோனாஸ் என்ற ஒரு நுண்ணுயிரிடமிருந்து பெறப்பட்ட மருந்து அது. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்ய முடியாமல் அது தடுத்துவிடும். இக்கிருமி நம்மில் பலருடைய மூக்கில் சும்மா தங்கியிருக்கும். அறுவை சிகிச்சையின்போது புண்ணில் புகுந்தால்தான் விபரீதம். எனவே சில நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் மூக்கினுள் மியூபிரோசினைத் தடவுவார்கள். அப்படி அருமையாகப் பயன்படுத்த வேண்டிய மருந்தை, 1991 முதல் நியூசிலாந்தில் மருத்துவச் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்க முடிந்தது. கீறலுக்கும் பூச்சிக்கடிக்கும் மக்கள் பூசினார்கள். 1999-இல் சோதித்தபோது, அந்நாட்டு ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளில் நூற்றுக்கு 28 மியூபிரோசினுக்கு அடங்கவில்லை.

இது எப்படி நேர்ந்தது? தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிப்பவர்களைக் கேளுங்கள். ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தால், அதற்குச் சாகாத புல்தான் மிஞ்சும். பிறகு நிரையெல்லாம் அதுவே முளைக்கும். கிருமி இன்னும் ஒருபடி மேல். மருந்தைத் தாங்கும் திறனைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும்.

2000-ஆம் ஆண்டில் கடைவிற்பனை நிறுத்தப்பட்டது. பலன் இருந்தது. 2013-க்குள் அந்த 28 என்பது 11 ஆகக் குறைந்தது. ஆனால் மருத்துவர்கள் இப்போது வேறொரு களிம்பை, ஃபியூசிடிக் அமிலத்தை, தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். சீழ்க்கொப்புளம் அதிகம் காணும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே அது மிகுதியாகப் போயிற்று. அதற்கு அடங்காத கிருமி 1999-இல் நூற்றுக்கு 17; 2013-இல் 29. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையில் பாய்ந்த கதைதான். சீட்டு இருந்தால் மட்டும் போதாது என்று இதிலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

நம் மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் இம்மருந்துகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் என் அலமாரிக்குள் எந்தச் சட்டம் வந்து எட்டிப் பார்த்தது?

நான்காம் ஆண்டுப் பையன் ஒருவனுக்குக் கழுத்தில் வட்டமாகப் படை வந்தது. அந்தக் களிம்பை இரண்டு வாரம் என் கையாலேயே தடவினேன். வட்டம் பெரிதாயிற்று, அவன் தங்கைக்கும் தொற்றியது. அவன் பாட்டி கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இது பூஞ்சையால் வந்தது, இந்தக் களிம்புக்கும் பூஞ்சைக்கும் சம்பந்தமே இல்லை என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். பாட்டி என்னைக் கோபிக்கவில்லை. "வாத்தியார் ஐயா, நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

டியூபின் மேலே ஒட்டியிருந்த சீட்டை அன்றைக்குத்தான் கண்ணாடி போட்டுப் படித்தேன். ஃபியூசிடிக் அமிலம் என்றிருந்தது. இப்போது அந்த அலமாரியில் ஒரு சவர்க்காரக் கட்டி, வெட்டி மடித்த வெள்ளைத் துணி, கட்டுத்துணிச் சுருள் ஆகியவைதான் இருக்கின்றன. சிராய்ப்பைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவி, துடைத்து, மூடிவிடுகிறோம். நான்கு நாளில் ஆறாமல் சீழ் கட்டினால், பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி மருத்துவரிடம் அனுப்புகிறேன்.