தவறணையும் பைலாவும்



விடுமுறை நாளொன்றின் மாலையிலே கல்கிசைக் கடற்கரைக்குச் செல்பவர், கடலின் இரைச்சலோடு வாத்திய ஒலியையும் கேட்பார். மதுச்சாலைகளிலே மேசைகள் நிறைந்திருக்கும். கித்தாரும் மேளமும் முழங்கும். பைலா தொடங்கியதும் அமர்ந்திருந்தோர் எழுந்து ஆடுவர். இக்களிப்பைக் கண்டு முகஞ் சுளிப்போர் உண்டு. அதிலே தம்மை மறப்போரும் உண்டு. இருசாராரும் அறியத்தக்க வரலாறு ஒன்று அவ்விசைக்கு உண்டு.

கல்கிசை ஆதியில் ஆள்வோரின் உல்லாச இடமாயிருந்தது. 1805 முதல் 1811 வரை தேசாதிபதியாயிருந்த சேர் தோமஸ் மெயிற்லண்ட் இங்கே மாளிகை அமைத்தார். லொவினா என்னும் நடனமாதின்மேல் அவர் கொண்ட காதலும், அவள் வந்துபோன சுரங்கவழியும் இன்றும் வாய்வழிக் கதையாக வழங்குகின்றன. பின்வந்த சேர் எட்வேட் பாண்ஸ் அம்மாளிகையை விரித்துக் கட்டினார். 1877இல் அது விடுதியாயிற்று. கரையோரப் புகையிரதம் கொழும்பு மக்களையும் இக்கடற்கரைக்குக் கொணர்ந்தது.

இசை வந்த வழியோ வேறு. 1505இல் போர்த்துக்கேயர் இந்நாட்டை அடைந்தனர். அவர்களும், பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும், ஆபிரிக்க மக்களை அடிமைகளாகவும் போர்வீரராகவும் இங்கே கொண்டுவந்தனர். காப்பிரியர் எனப்பட்ட அம்மக்களின் தாளமும் போர்த்துக்கேயரின் மெட்டும் கலந்து பிறந்ததே பைலா. ஆடுதல் என்னும் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லே அதன் பெயராயிற்று. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் காப்பிரியர் வழிவந்தோரும், மட்டக்களப்பிலே பறங்கியரும் அப்பழைய பாடல்களைப் பேணி வந்துள்ளனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் சிங்களத்திலே பாடி, பைலாவை நாடறியச் செய்தார்.

இனி, அவ்விசை ஒலிக்கும் மதுச்சாலையை நோக்குவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அரசிறையிற் பெரும்பங்கு அதனாற் கிடைத்தது, குத்தகைக்காரர் பெருஞ்செல்வராயினர், ஏழைத் தொழிலாளியின் கூலியோ வீடு சேருமுன்பே கரைந்தது. 1912ஆம் ஆண்டளவில் ஊர்தோறும் கள்ளுத் தவறணைகளைத் திறக்க அரசு முற்பட்டபோது, மதுவிலக்கு இயக்கம் வீறுகொண்டெழுந்தது. எவ். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா முதலியோர் அதில் முன்னின்றனர். பிற்காலத் தேசிய இயக்கத்துக்கு அது ஒரு பயிற்சிக்களமாயிற்று. தவறணை வாயிலில் எழுந்த வினா, நாட்டை ஆள்பவர் யார் என்னும் வினாவாக வளர்ந்தது.

பைலாவின் துள்ளல் தமிழையும் விட்டு வைக்கவில்லை. 1960களிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய பொப்பிசைப் பாடல்களை இலங்கை வானொலி வீடுதோறும் சேர்த்தது. இவற்றுள் ஒரு விந்தை உண்டு. நித்தி கனகரத்தினத்தின் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று, கள்ளுக்கடையை நாட வேண்டாமென்று அறிவுறுத்துவது. அறநூல் கூறும் அறிவுரைதான். ஆயினும் கால் தாளமிடும் மெட்டிலே வந்தமையால், குடியாதவரோடு குடிப்பவரும் அதைக் கேட்டு மகிழ்ந்தனர்.

இதிலிருந்து நாம் உணர்வது யாது? மதுவும் இசையும் ஒரே மண்டபத்தில் இருப்பினும், அவை ஒரே பிறப்பின அல்ல. மது, கருவூலத்தையும் குத்தகைக்காரனையும் வளர்த்தது. இசையோ, பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்ட மக்கள் துயரிடையே காத்துத் தந்த செல்வம். அதனைச் சுவைக்கக் கிண்ணம் வேண்டியதில்லை, செவி போதும். கல்கிசையிலே அம்மேளம் முழங்கும்போது, அதனை முதலில் முழக்கிய பெயரறியாத கைகளையும் ஒருகணம் நினைத்தல் நம் கடனாகும்.