புகழ்பெற்ற ஆண்கள், அழகிய பெண்கள், பெயரற்றவர்கள்

1926இல் லண்டனின் ஹோகார்த் பதிப்பகம் ஒரு புகைப்படத் தொகுப்பை வெளியிட்டது. அச்சானவை 450 பிரதிகள். இன்று அரிய நூல்களைச் சேகரிப்பவர்கள் தேடி அலையும் புத்தகம் அது. தலைப்பைத் தமிழில் ‘புகழ்பெற்ற ஆண்களும் அழகிய பெண்களும்’ எனலாம். படங்களை எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். முன்னுரை எழுதிய இருவரில் ஒருவர் வர்ஜீனியா வுல்ஃப். கேமரன் அவருக்குப் பாட்டியின் அக்கா. ஒரு பெண் கலைஞரை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் இன்னொரு பெண் என்பதால் இந்த நூல் எனக்கு முக்கியமானது.

கல்கத்தாவில் 1815இல் பிறந்த கேமரனுக்கு 48 வயதில்தான் கேமரா கிடைத்தது. மகளும் மருமகனும் தந்த பரிசு. இங்கிலாந்தின் வைட் தீவில் கோழிக்கூண்டைப் படம் எடுக்கும் அறையாக்கினார். நிலக்கரிக் கொட்டகையை இருட்டறையாக்கினார். ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டின் ஈரம் காய்வதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அவர் பின்வாங்கவில்லை. அந்த மங்கலே பின்னாளில் அவருடைய கலையின் அடையாளமாயிற்று.

ஆனால் தலைப்பைக் கவனியுங்கள். டென்னிசன், டார்வின் போன்ற ஆண்கள் தாங்கள் செய்தவற்றால் அறியப்படுகிறார்கள். பெண்களுக்கு அழகே தகுதியாகிறது. கேமரனின் படங்களில் கன்னி மரியாளாகப் பலமுறை நின்ற மேரி ஹில்லியர் அவர் வீட்டுப் பணிப்பெண். வீட்டு வேலைக்கு நடுவேதான் அவர் கேமராவின் முன்னும் அசையாமல் நின்றார். அந்த உழைப்பைச் சொல்ல ‘அழகிய’ என்ற சொல் போதுமா?

1875இல் கேமரன் குடும்பம் இலங்கைக்குப் போனது. கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக அந்தத் தீவின் தோட்டங்களுக்குப் போன காலம் அது. 1879இல் அங்கேயே இறக்கும்வரை கேமரன் உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். அவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறையில் எடுத்த ஒரு படத்தின் குறிப்பு, சிறுமிக்கு வயது 12 என்கிறது. முதியவர் தனக்கு நூறு வயது என்று சொன்னதாகவும் சொல்கிறது. வயது இருக்கிறது, பெயர் இல்லை.

இவர்கள் புகழ்பெற்ற ஆண்களும் அல்லர். அந்தத் தலைப்பு கருதிய அழகிய பெண்களும் அல்லர். கேமரனை மறதியிலிருந்து மீட்டதற்காக வுல்ஃபுக்கு நாம் நன்றி சொல்லலாம். மீட்கப்பட்ட அந்தக் கலைஞர் ஒரு தோட்ட முதலாளியின் மனைவியாகவும் கேமராவின் பின்னால் நின்றார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பழைய படம் எதையும் வகுப்பில் காட்டும்போது மாணவிகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: படத்தின் கீழே யாருடைய பெயர் இருக்கிறது, யாருடையது இல்லை?