பருமனும் இலக்குத் துடிப்பும்: வயதுச் சூத்திரத்தின் எல்லைகள்

உடல் பருமனுள்ளவருக்கு நடைப்பயிற்சி எழுதித்தரும்போது, நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று ஓர் எண்ணையும் சேர்த்துத் தருவது வழக்கமாகிவிட்டது. 220இலிருந்து வயதைக் கழித்து, மீதியில் ஒரு விழுக்காட்டை எடுத்தால் அந்த எண் கிடைத்துவிடும். ஜிம் சுவரில் ஒட்டிய வண்ண அட்டவணை சொல்வதும், கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் சொல்வதும் இதே கணக்கைத்தான். பருமனுள்ளவர்களைப் பொறுத்தவரை இந்த எண்ணை விதியாக எழுதக் கூடாது என்பதும், பருமனுக்கென்றே வகுத்த வேறொரு சூத்திரத்தை அதன் இடத்தில் வைப்பதாலும் குறை தீராது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சூத்திரத்தின் பிறப்பே வலுவானதன்று. 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் மூவரும் எழுதிய மதிப்பாய்வில், அதுவரை வெளியான சில ஆய்வுகளின் சராசரிகளைப் புள்ளிகளாகக் குறித்து, அவற்றினூடே ஒரு கோட்டைப் பொருத்தினார்கள். முறையான புள்ளியியல் பகுப்பாய்வு எதுவும் அதன் பின்னால் இல்லை என்பதை ராபர்க்ஸும் லாண்ட்வேரும் 2002இல் விரிவாகக் காட்டினார்கள். 2001இல் தனகாவும் உடனாய்வாளர்களும் 351 ஆய்வுகளைத் திரட்டி, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கோட்டைத் தந்தார்கள். அதற்கும் முன்பே, 1993இல், மில்லர் குழுவினர் பருமனுள்ளவர்களைத் தனியே அளந்து, 200இலிருந்து வயதில் பாதியைக் கழிப்பதே அவர்களுக்குப் பொருந்துகிறது என்றார்கள்.

இந்த மூன்று கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால், 40 வயதில் மூன்றும் 180 என்ற ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. 25 வயதில் பழைய சூத்திரம் 195 என்கிறது, தனகா 190.5, மில்லர் 187.5. 60 வயதில் வரிசை தலைகீழாகிறது: 160, 166, 170. ஆகவே பருமனுள்ளவருக்குப் பழைய சூத்திரம் எப்போதும் மிகையாகச் சொல்கிறது என்ற பொதுக்கூற்று தவறு. இளையவருக்கு மிகையாகவும் முதியவருக்குக் குறைவாகவும் அது சொல்கிறது. நடுவயதினருக்கு எந்தச் சூத்திரமானாலும் ஒன்றே. சிக்கல் சராசரியில் இருந்திருந்தால் மில்லரின் கோடு அதைத் தீர்த்திருக்கும். சிக்கல் இருப்பது சிதறலில். ஒரே வயதினரின் உண்மையான உச்சத் துடிப்பு, எந்தக் கோட்டிலிருந்தும் சுமார் 10 துடிப்புத் திட்ட விலகலோடு மேலும் கீழும் பரந்து கிடக்கிறது. கோட்டை நகர்த்துவதால் அந்தப் பரவல் சுருங்காது.

அதன் விளைவை ஒரு கணக்கில் காணலாம். 45 வயதுப் பெண் ஒருவர். ஓய்வுத் துடிப்பு 82. சூத்திரப்படி உச்சம் 175. 1957இல் பின்லாந்தில் கார்வோனென் அறிமுகப்படுத்திய முறையில், உச்சத்துக்கும் ஓய்வுக்கும் இடையிலுள்ள 93 துடிப்பே அவருடைய துடிப்பு இருப்பு. மிதமான தீவிரம் என்பது அந்த இருப்பில் 40 முதல் 59 விழுக்காடு என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வரையறை. அதன்படி இலக்கு 119 முதல் 137 வரை. அகலம் வெறும் 18 துடிப்பு. இப்பெண்ணின் உண்மையான உச்சம் 160 என்று கொள்வோம். அதே 119இல் அவர் தம் இருப்பில் 47 விழுக்காட்டையும், 137இல் 71 விழுக்காட்டையும் செலவிடுகிறார், பின்னது கடுந்தீவிரம். உண்மையான உச்சம் 190 ஆக இருந்தால் அதே எல்லைகள் 34, 51 என்று ஆகி, கீழ்ப்பாதியில் ஒரு பகுதி மிதத்தை எட்டாத இலேசான நடையாகிவிடும். 15 துடிப்பு விலகல் அரிதானதன்று. மேலே சொன்ன பரவலில் ஏழெட்டுப் பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார். அளவுகோலின் பிழை, அளக்க வேண்டிய இடைவெளிக்கு ஏறக்குறைய ஒப்பாக இருக்கிறது.

உச்சத் துடிப்பில் நேரடியாக 64 முதல் 76 விழுக்காடு எடுக்கும் எளிய முறை பருமனுள்ளவரிடம் இன்னும் தடுமாறுகிறது. பருமனில் ஓய்வுத் துடிப்பு உயர்ந்திருப்பது பொதுவான காட்சி. அந்த முறை ஓய்வுத் துடிப்பைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நம் பெண்ணுக்கு அது தரும் கீழெல்லை 112. துடிப்பு இருப்பில் அது 32 விழுக்காடுதான். ஓய்வுத் துடிப்பு 92 ஆனால் 24க்கு இறங்கிவிடும். ஒரே வழிகாட்டி நூலில் அருகருகே அச்சாகும் இரு முறைகள் ஒரே ஆளுக்கு இரு வேறு தீர்ப்பை வழங்குகின்றன. இதைப் பயிற்றுநர்கள் கவனிக்காமல் போவதுதான் எனக்கு வியப்பு.

துடிப்பை விட்டுவிட்டு வேகத்தையே அளவாக வைக்கலாமே என்பார் உண்டு. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஓய்வின்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒரு மெட் என்று கொண்டால், விறுவிறுப்பான நடைக்கு 4 மெட் அளவு தேவை. நல்ல திறனுள்ளவருக்கு அது மிதமானது. ஆனால் மொத்தத் திறனே 6 மெட் உள்ளவருக்கு, ஓய்வுக்கு மேலுள்ள 5 மெட்டில் 3 மெட் அந்த நடைக்கே போய்விடுகிறது. அதாவது 60 விழுக்காடு. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் "வேகமாக நடங்கள்" என்ற அறிவுரை இவருக்குக் கடும்பயிற்சி.

இதன் விளைவு மனத்திலும் படிகிறது. எக்கெகாகிஸும் லிண்டும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்தே பழகிய பெண்கள் முதலில் தமக்கு விருப்பமான வேகத்தில் டிரெட்மில்லில் நடந்தார்கள். அடுத்து அதைவிட 10 விழுக்காடு கூடுதல் வேகம் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. அந்தச் சிறு கூடுதலில் எடை மிகுந்த பெண்களிடம் இன்ப உணர்வு குறைந்தது. இயல்பு எடையினரிடம் அவ்வாறு குறையவில்லை. எண்ணை எட்டுவதற்காக விரட்டப்படுபவர் பயிற்சியையே கைவிடக்கூடும் என்று இதிலிருந்து ஊகிப்பது மிகையாகாது.

மருந்தையும் மறக்கலாகாது. மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, பொதுவான பருமன் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு, உயர் இரத்த அழுத்தம் 35.5 விழுக்காடு என்று கணக்கிட்டது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோரின் ஓய்வுத் துடிப்பும் உச்சத் துடிப்பும் தாழ்ந்துவிடும். அப்படிப்பட்ட இதயநோயாளிகளுக்கு 164இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் சூத்திரத்தை ப்ரானர் குழுவினர் 2004இல் தந்தனர். 60 வயதில் அது 122. பழைய சூத்திரத்தைவிட 38 துடிப்புக் குறைவு. மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் எழுதும் எண் இங்கே தவறு மட்டுமன்று, ஆபத்தும்கூட.

கைக்கடிகாரமும் நடுநிலையான சாட்சியன்று. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2017இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தபோது, பி.எம்.ஐ. கூடியவர்களிடமும் தோல் நிறம் கருத்தவர்களிடமும் நடையின்போதும் பிழை அதிகரித்தது. மார்பில் கட்டும் பட்டை மேல்.

அப்படியானால் துடிப்பையே விலக்கிவிடலாமா? கூடாது. டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டி.எம்.டி. சோதனையில், இதயத் தசைக்கு இரத்தம் குறையும் துடிப்பு தெரிந்திருந்தால், அதற்கு 10 துடிப்பு கீழே எல்லை வகுப்பது நியாயமான, அவசியமான கட்டளை. ஒருவரின் துடிப்பை அவருடைய பழைய துடிப்போடு ஒப்பிடும்போதும் அது பேசும்: அதே வழி, அதே வேகம், சில வாரங்களில் துடிப்பு இறங்கியிருந்தால் திறன் கூடியிருக்கிறது, எந்தச் சூத்திரமும் வேண்டாம். தீவிரத்தை நிர்ணயிக்க, பேச முடிகிற அளவு மூச்சும், உழைப்பை உணரும் அளவை எண்ணாகக் குறிக்கும் போர்க் அளவுகோலில் 12, 13 என்ற உணர்வும் முதலில் வரவேண்டும். அந்த நிலையில் காட்டும் துடிப்பை அதன் பின்னர் குறித்துக்கொள்ளலாம். மூட்டுவலி இந்த உணர்வைத் திரிக்கும் என்பது மெய்யே. ஆயினும் வலியை நோயாளியால் எடுத்துச் சொல்ல முடியும். சூத்திரத்தின் பிழையைச் சொல்ல முடியாது.

அளந்த உச்சத் துடிப்பு கையில் இருந்தால் கார்வோனென் கணக்கு நன்றாகவே உழைக்கும். ஆனால் முழு உடல் பரிசோதனையில் வரும் டி.எம்.டி. அறிக்கையின் எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. வயதுச் சூத்திரம் சொன்ன உச்சத்தில் 85 விழுக்காட்டை எட்டியதும் சோதனையை நிறுத்திவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அங்கே சூத்திரமே அளவீட்டுக்கும் எல்லை போட்டுவிடுகிறது. பரிசோதனை நிலையங்களிடம் வைக்கும் வேண்டுகோள் சிறியது: மருத்துவத் தடை இல்லாதவிடத்து நோயாளி களைக்கும்வரை சோதனையைத் தொடருங்கள், எதனால் நிறுத்தினீர்கள், அன்று எந்த மாத்திரை உட்கொண்டிருந்தார் என்ற இரண்டையும் அறிக்கையில் எழுதுங்கள்.