பாதிரியாரைக் காணவில்லை

பிரெனே மலையிலுள்ள மோந்தாயூ கிராமத்தைப் பற்றி யார் தேடினாலும் கடைசியில் வந்து சேருவது ஒரு தோல் ஏட்டிடம்தான். பாமியே நகரின் பிஷப் ழாக் ஃபுர்னியே 1318 முதல் 1325 வரை நடத்திய மத விசாரணைகளின் பதிவு அது. ஃபுர்னியே 1334இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆனார். ஏடும் அவரோடு அவிஞ்ஞோன் போய்ப் பிற்பாடு ரோமுக்குச் சென்றது. பிழைத்ததற்குக் காரணம் அதுவே. இன்று வத்திக்கான் நூலகத்தில் லத்தீன் 4030 என்ற எண்ணில் இருக்கிறது. 1965இல் ழான் துவெர்னுவா அதை மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். பத்தாண்டு கழித்து லெ ருவா லதூரி எழுதிய நூல், ஊரை உலகப் புகழாக்கியது.

எனக்கு ஊரைவிட ஓர் ஆள்மேல்தான் கண். பங்குத்தந்தை பியேர் க்ளெர்க். ஏட்டில் ஊரே அவரைப் பற்றிப் பேசுகிறது. அவருடைய வாக்குமூலம் மட்டும் இல்லை.

ஊரின் கிடப்பைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வழக்கு பிடிபடாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். மேட்டின் உச்சியில் கோட்டை, அதன் கீழே படிப்படியாக வீடுகள், அவற்றுக்கும் கீழே மாதா கோயில். அக்காலத்தில் 200, 250 பேர் இருந்திருக்கலாம். இன்று ஐம்பது பேர்கூட இல்லை. ஓட்ஸ், கோதுமை, டர்னிப் விளையும், திராட்சை விளையாது. ஒயின் கோவேறு கழுதை முதுகில் மலையேறி வரவேண்டும். மேய்ப்பர்கள் குளிர்காலத்தில் ஆடுகளைக் கத்தலோனியா வரை ஓட்டிப்போவார்கள். ஆடும் மூட்டையும் போன பாதைகளில்தான் ஓத்தியே சகோதரர்கள் போன்ற கதார் போதகர்களும் நடந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் இந்த உலகம் தீயசக்தியின் படைப்பு என்று அவர்கள் சொன்னதை, திருச்சபை மன்னிக்கவில்லை.

எங்கே நின்றாய், யார் இருந்தார்கள், எப்படிப் பார்த்தாய்: ஃபுர்னியே இதைத்தான் விடாமல் கேட்டார். பெலோ வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தியின் பதிலைப் பாருங்கள். முற்றத்து மூலையில் குவித்திருந்த எருக்குப்பைமேல் ஏறி, சுவரிலிருந்த விரிசல் வழியே மாடியறைக்குள் எட்டிப் பார்த்தாளாம். உள்ளே கியோம் ஓத்தியே. வீட்டின் அமைப்பு தெரிய எனக்கு வேறு வரைபடம் வேண்டியிருக்கவில்லை.

பாதிரியார் பற்றிய தடயங்களுக்குப் பஞ்சமில்லை. கோட்டைத் தலைவரின் விதவை பெயத்ரிஸ் தெ ப்லானிசோலை அவர் பாவசங்கீர்த்தனத்தின்போதே முத்தமிட்டார். பக்கத்து ஊர்க் கோயிலுக்குள்ளேயே ஓரிரவு படுக்கை விரித்தார். இதெல்லாம் பெயத்ரிஸே 1320இல் சொன்னது. பிடிபட்டபோது அவள் பையில் பேரன்களின் தொப்புள்கொடிகள் இரண்டு இருந்தன. வழக்கில் ஜெயிப்பதற்காம்! க்ராசீத் என்ற இளம்பெண்ணோ, பாதிரியாரோடு இருந்தது இருவருக்கும் பிடித்திருந்தது, அதில் என்ன பாவம் என்று பிஷப்பிடமே கேட்கிறாள். ஏடு முழுவதிலும் இவ்வளவு பயமில்லாத குரல் வேறில்லை என்பேன். க்ளெர்க் வீட்டில் தகப்பன் பொன்ஸ் இறந்தபோது, வீட்டின் அதிர்ஷ்டம் போய்விடாதிருக்கப் பிணத்தின் முடியையும் நகத்தையும் வெட்டி வைத்துக்கொண்டார்கள் என்ற தகவலும் கிடைக்கிறது.

இதைவிட முக்கியமானது 1308. கார்க்கசோன் விசாரணையாளர் ழொஃப்ருவா தாப்லி அந்த ஆண்டு ஊரையே வளைத்துப் பிடித்தார். கதார்களுக்கு வேண்டியவராக இருந்த பியேர், கார்க்கசோனுக்கும் ஆளாக இருந்தார். பகையாளிகள் சிறைக்குப் போனார்கள், உறவினர் தப்பினார்கள். அவருடைய சகோதரர் பெர்னார், கோமகனுக்கு வரி வசூலித்த மணியக்காரர். இந்த இருவரும் ஊரைப் பிடியில் வைத்திருந்தார்கள்.

1320இல் பியேரும் கைதானார். அதற்குப் பிறகு என்ன ஆனது? தாப்லியின் ஏடு பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் அகப்படுவது பெரும்பாலும் ஆக்ஸ், தராஸ்கோன் வட்டாரத்து ஆட்கள். விடை இருந்தது பெர்னாரின் வழக்கில். பாமியே அருகே அலமான் கோபுரச் சிறையில், பியேர் இறந்த செய்தி கேட்டதும் மற்றக் கைதிகள் முன்னால் பெர்னார் கதறுகிறார், என் தெய்வம் போய்விட்டதே என்கிற பொருளில். காவலில் இருக்கும்போதே பியேர் செத்திருக்கிறார்.

ஃபுர்னியே அவரைக் கேள்வி கேட்காமல் விட்டிருப்பாரா? இருக்காது. அவருடைய பதிவேடுகளில் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு பகுதிதான்; பியேரின் பக்கங்கள் தொலைந்த தொகுதியில் போயிருக்கலாம். ஆனால் பியேர் ஒப்புக்கொண்டதைச் சுட்டி இன்னொருவரை மடக்கிய இடம் நான் படித்த பக்கங்களில் எங்குமில்லை. அதனால் அவர் வாயைத் திறக்கவே இல்லை என்ற லெ ருவா லதூரியின் கட்சியில்தான் நானும் சேருகிறேன். கார்க்கசோனுக்கு அவர் செய்த வேலைகள் பாமியேயில் எழுத்தில் ஏறுவதை விரும்பாதவர்களும் இருந்திருப்பார்கள். இது என் ஊகம் மட்டுமே. இதற்குச் சான்று தேடுவதென்றால், 17ஆம் நூற்றாண்டில் அமைச்சர் கோல்பேருக்காக ழான் தெ துவா தென்பிரான்ஸ் ஆவணங்களிலிருந்து எடுத்துவைத்த நகல்களைத்தான் அடுத்துப் புரட்டவேண்டும்.